முதல் மணிக்குப் பிறகு, வகுப்பறையிலேயே: மும்பை மாநகராட்சிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

தாராவியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமியின் தாய் நான். எங்கள் சந்தில் விடிவதற்கு வெகு முன்பே இட்லிப் பானைகள் அடுப்பேறிவிடும்; வெளிச்சம் வருமுன் அலுமினியப் பாத்திரங்களில் இட்லியும் சட்னியும் சைக்கிளேறி நகருக்குள் போய்விடும். ஊருக்கே பலகாரம் அனுப்பும் இதே சந்திலிருந்துதான், சாயாவில் தோய்த்த இரண்டு பிஸ்கட்டோடு பிள்ளைகள் காலை ஷிப்ட் பள்ளிக்கு ஓடுகிறார்கள். தாய்மாரின் அலட்சியம் என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் குழாயில் தண்ணீர் வரும் நேரமும், வேலைக்குப் போகும் பெண்கள் ரயிலைப் பிடிக்கும் நேரமும், பள்ளி மணியும் ஒன்றாக வந்து விழும் வீடுகளில் அடுப்பைப் பற்றவைக்க ஆளிருப்பதில்லை.

சென்ற ஆண்டு என் மகள் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள். சாப்பிட்டாயா என்று ஆசிரியை கேட்டதற்குச் சாப்பிட்டேன் என்றிருக்கிறாள். ஏன் பொய் சொன்னாய் என்று வீட்டில் கேட்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அம்மா என்றாள்.

அதனால்தான், பசித்தவர் மட்டும் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை நான் கேட்கவில்லை. முதல் மணி அடித்தபின், வருகைப்பதிவு எடுக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், வகுப்பறையிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் காலையுணவு கொடுங்கள் என்று கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி வைக்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடந்து, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என எளிய உணவுதான். அங்கே பள்ளி தொடங்குமுன் பரிமாறுகிறார்கள். நம் காலை ஷிப்டில் அதற்கு இன்னும் முன்னதாகப் பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருக்கும், தாமதமாக வரும் பிள்ளைக்கோ சாப்பாடே கிடைக்காது. ஊட்டமான காலையுணவுக்குப் பிந்தைய நேரம் கடினமான பாடங்களுக்கு உகந்தது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறுகிறது. எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு சட்டப்படியே உண்டு. ஆனால் மதியக் கிச்சடி வருமுன் கணக்குப் பாடம் முடிந்துவிடுகிறது.

பாடநேரம் குறையும், வகுப்பறை அழுக்காகும் என்று ஆசிரியர்கள் தயங்குவது நியாயமே. எறும்பும் எலியும் வராமல் இருக்க, பரிமாறித் துடைத்துப் போக உதவியாளர் வேண்டும். அந்தச் சுமை ஆசிரியர் தலையில் விழக்கூடாது. கிச்சடி சமைக்கும் மகளிர் பச்சத் கட் (சுய உதவிக் குழு) பெண்களுக்கே இந்த வேலையையும் உரிய கூலியோடு கொடுக்கலாம்.

வரும் ஜூனில் பள்ளி திறக்கும்போது, தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டின் சில பள்ளிகளில், எந்த மொழிவழிப் பள்ளி என்று பாராமல், ஒரு பருவம் மட்டும் நடத்திப் பாருங்கள். அதற்கு முன்பாக ஒரு நாள் காலை ஷிப்டின் முதல் பாடவேளையில், முன்கூட்டித் தெரிவிக்காமல், கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து பார்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
தாராவி, மும்பை