உனக்கு வைப்பதும் நான் செலவழிப்பதும்

அன்புள்ள பாப்பா,

ரூட் கெனால் செலவை என் எச்எஸ்ஏ கார்டில், அதாவது இங்கே அமெரிக்காவில் வைத்தியச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கிற கணக்கின் கார்டில், கட்டிவிடச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தாய். கார்டில் பணம் இருக்கிறது. ஆனால் உனக்காக அதைத் தேய்க்க முடியாது. 26 வயது ஆகும்வரை நீ என் இன்ஷூரன்ஸில் இருக்கலாம் என்பது ஒபாமாகேர் சட்டம் கொடுத்த உரிமை. எச்எஸ்ஏவுக்கு விதி வேறு. வருமான வரிக் கணக்கில் நீ என்னைச் சார்ந்தவளாக இருந்தால்தான் உன் வைத்தியத்துக்கு என் பணத்தை வரியில்லாமல் எடுக்க முடியும். நீயோ உன் சம்பளத்தில் வாழ்கிறாய், உன் வரியை நீயே கட்டுகிறாய். மீறி எடுத்தால் அந்தத் தொகைக்கு நான் வரியும் கட்டி, அதற்கு மேல் 20 சதவீத அபராதமும் கட்ட வேண்டும்.

ஆனால் இதே விதி உனக்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. நாம் இருவரும் ஒரே குடும்பத் திட்டத்தில் இருக்கிறோம், நீ என்னைச் சார்ந்தவள் இல்லை. அதனால் உன் பெயரிலேயே ஒரு எச்எஸ்ஏ திறந்து, 2026-க்கான குடும்ப வரம்பு 8,750 டாலரை முழுதாக அதில் போடலாம். நானும் என் கணக்கில் தனியாக முழு வரம்பைப் போட்டுக்கொள்ளலாம். கணவன் மனைவிக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது, அவர்கள் ஒரே வரம்பைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த மார்ச்சில் உனக்கு 26 ஆகிவிடும், என் பாலிசியிலிருந்து வெளியே வந்துவிடுவாய். இந்த வருடத்தை விட்டால் இவ்வளவு பெரிய வரம்பு உனக்குத் திரும்பக் கிடைப்பது எப்போதோ.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. கணக்கு திறந்த தேதிக்கு முன்னால் செய்த வைத்தியத்துக்கு அந்தப் பணத்தை எடுக்க முடியாது. பல் டாக்டரிடம் போவதற்கு முன்பே கணக்கைத் திறந்து, கொஞ்சமாவது பணம் போட்டுவிடு. நான் 4,000 டாலர் அனுப்புகிறேன். உன் எச்எஸ்ஏவில் யார் போட்டாலும் வரிக் கழிவு உனக்குத்தான், அதனால் வேண்டாம் என்று சொல்லாதே. இங்கே நியூ ஜெர்சியில் எச்எஸ்ஏவுக்கு மாநில வரியில் கழிவே தருவதில்லை. டெக்சஸில் மாநில வருமான வரியே கிடையாது என்பதால் உனக்கு அந்தக் கவலை இல்லை.

மார்ச்சுக்கு அப்புறம் என்ன செய்வது என்று கேட்பாய். உன் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் தருவதில்லை, நீ மார்க்கெட்ப்ளேஸ் என்கிற அரசு ஏற்படுத்திய இன்ஷூரன்ஸ் சந்தையில்தான் வாங்க வேண்டும். என் பாலிசி முடிந்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம் உண்டு. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தால் இந்த ஜனவரி முதல் அங்கே விற்கிற பிராண்ஸ் என்கிற விலை குறைந்த வகைத் திட்டம் எல்லாவற்றுக்கும் எச்எஸ்ஏ தகுதி வந்துவிட்டது, அதாவது அதை வைத்துக்கொண்டே எச்எஸ்ஏவில் பணம் போடலாம். முன்பெல்லாம் பிராண்ஸிலேயே சிலவற்றுக்குத்தான் இருந்தது, தேடித் தேடிப் பார்க்க வேண்டும். மாதச் சந்தா கட்டி ஒரு டாக்டரிடம் போகிற ஏற்பாட்டுக்கும் இனி மாதம் 150 டாலர் வரை எச்எஸ்ஏவிலிருந்து கொடுக்கலாம். ஆனால் விலை குறைவு என்பதற்காக மட்டும் பிராண்ஸ் எடுக்காதே. முதலில் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பெரிது. அந்த அளவுக்குக் கணக்கில் பணம் சேர்ந்த பிறகுதான் அது உனக்கு நிம்மதி தரும்.

இனி என் பக்கத்துக் கணக்கு. இதை நான் உயிரோடு இருக்கும்போதே நீ தெரிந்துகொள்ள வேண்டும், முகம் சுளிக்காமல் படி.

அப்பா போனபோது அவர் கம்பெனி வழியாகச் சேர்த்த 401கே ஓய்வுக்காலப் பணத்தை, என் பெயரில் தனியாக உள்ள ஐஆர்ஏ என்கிற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். அவருடைய எச்எஸ்ஏ அப்படியே என் எச்எஸ்ஏ ஆனது. ஒரு டாலர்கூட வரி கட்டவில்லை. மனைவிக்குச் சட்டம் கொடுக்கிற இந்த மரியாதை பிள்ளைக்கு இல்லை. முன்பு பெற்றவர் விட்டுச்சென்ற ஐஆர்ஏவைப் பிள்ளை தன் ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். 2019 டிசம்பரில் வந்த செக்யூர் சட்டம் அதைப் பத்து வருடமாகச் சுருக்கிவிட்டது. பத்தாவது வருட முடிவுக்குள் கணக்கைக் காலி செய்துவிட வேண்டும். எடுப்பதெல்லாம் உன் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். நீ நன்றாகச் சம்பாதிக்கிற வயதில் அது வந்து சேர்ந்தால் பெரிய பங்கு வரியாகப் போய்விடும். 1964-ல் பிறந்த நான் ஐஆர்ஏவிலிருந்து வருடாவருடம் கட்டாயமாக எடுக்கத் தொடங்க வேண்டிய வயது 75. அது தொடங்கிய பிறகு நான் போனால், நீ பத்து வருடத்துக்குள்ளும் ஒவ்வொரு வருடமும் ஒரு பங்கு எடுத்தே ஆக வேண்டும். மறந்தால் எடுக்காத தொகையில் 25 சதவீதம் அபராதம், சீக்கிரம் சரிசெய்தால் 10.

இதனால்தான் என் சேமிப்பை மாற்றி அமைக்கிறேன். 60 முதல் 63 வயது வரை உள்ளவர்கள் 401கேயில் வழக்கமான 24,500 டாலருக்கு மேல் இந்த வருடம் 11,250 டாலர் கூடுதலாகப் போடலாம். போன வருடம் 1,50,000 டாலருக்கு மேல் சம்பளம் வாங்கியவர்கள் அந்தக் கூடுதல் தொகையை ராத் கணக்கில்தான் போட வேண்டும், அதாவது இப்போதே வரி கட்டிவிட்டுப் போடுகிற கணக்கில். இது இந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது. ஆபீஸில் எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. ராத்திலிருந்து உனக்கு வருவது வரியில்லாமல் வரும். வரியை என் சம்பளத்தில் நான் கட்டிவிட்டுப் போகிறேன். அந்தக் கணக்கை முடிந்தவரை தொடாமல் உனக்கு வைப்பேன்.

எச்எஸ்ஏவை வைக்க மாட்டேன். நான் போன அன்றே அது எச்எஸ்ஏவாக இருப்பது நின்றுவிடும். மொத்தத் தொகையும் அந்த ஒரே வருடத்தில் உன் வருமானமாகிவிடும், பத்து வருட அவகாசம்கூடக் கிடையாது. உனக்கென்று அதைப் பொத்திப் பொத்தி வைப்பதில் அர்த்தமே இல்லை. முழங்கால் வைத்தியத்தைத் தள்ளிப் போடாதே என்று நீ வருடக்கணக்காகச் சொல்கிறாய். அதை அந்தப் பணத்தில் செய்துகொள்கிறேன். காது மெஷினும் அப்படியே. 65-க்கு அப்புறம் மெடிகேரில், அதாவது வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸில், டாக்டர் செலவைப் பார்க்கிற பார்ட் பி பிரீமியத்தையும் அதிலிருந்தே கட்டலாம். மெடிகேரில் சேர்ந்துவிட்டால் எச்எஸ்ஏவில் மேற்கொண்டு போட முடியாது, அதுவரை போடுவேன்.

401கே, ஐஆர்ஏ இரண்டிலும் பயனாளியாக உன் பெயர் இருக்கிறது. உயிலில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்குகள் படிவத்தில் உள்ள பெயருக்குத்தான் போகும். படிவத்தில் இன்னும் உன் காலேஜ் ஹாஸ்டல் அட்ரஸ்தான் இருக்கிறது. புது அபார்ட்மெண்ட் அட்ரஸை இந்த வாரமே அனுப்பு, மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்
அம்மா