ஈஸ்ட் மேல் ஏன் பழி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஃபாட்மேப் (குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் வாயுவைக் கிளப்பும் சில சர்க்கரை வகைகள்) குறைந்த உணவுமுறை பற்றி உங்கள் உடல்நலப் பக்கத்தில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தவிர்க்க வேண்டியவை என்று வெங்காயம், பூண்டு, கோதுமையோடு ஈஸ்ட்டையும் சேர்த்து எழுதியிருந்தீர்களே, அதைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இதே பேச்சை நம்பி மூன்று மாதம் அவதிப்பட்டவன் நான்.

குடல் எரிச்சல் நோய் என்று தெரிந்ததும் முதல் வேலையாக நான் தூக்கிப் போட்டது ஈஸ்ட் பாக்கெட்டைத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்ட பத்தே நிமிடத்தில் நுரைத்துக்கொண்டு கிண்ணத்தின் விளிம்புவரை ஏறி நிற்பதைப் பார்த்தால், வயிற்றுக்குள்ளும் இப்படித்தானே பொங்கும் என்று யாருக்கும் தோன்றும். சரி, ஈஸ்ட் வேண்டாம் என்று அதே கோதுமை மாவில் சமையல் சோடா போட்டு ரொட்டி சுட்டேன். உப்புசம் குறையவே இல்லை, இன்னும் கூடியது.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். ஈஸ்ட் 60 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே செத்துப் போகும், ரொட்டி வெந்து முடியும்போது அதன் நடுப்பகுதி 90 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, அப்படியிருக்க வயிற்றில் போய்ப் பொங்குவதற்கு எது மிச்சம்? தொல்லை கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற ஒரு வகை ஃபாட்மேப்பால்தான். அதை உடைக்கும் நொதி நமக்குக் கிடையாது, அதனால் பெருங்குடல்வரை அப்படியே போய் அங்கிருக்கும் பாக்டீரியாவுக்குத் தீனியாகி வாயுவைக் கிளப்புகிறது. ஈஸ்ட்டிடமோ இன்வர்டேஸ் என்ற நொதி இருக்கிறது, மாவு பொங்கும்போதே ஃபிரக்டானை வெட்டித் தின்றுவிடும். ஆனால் அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்: ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரம் பொங்கிய மாவைவிட நான்கு மணி நேரம் பொங்கியதில் ஃபாட்மேப் மிகவும் குறைந்திருந்தது. சோடா மாவில் இந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. எனக்காக உழைத்தவனை நானே வீட்டைவிட்டு விரட்டியிருக்கிறேன்!

அதற்காக, இந்த உணவுமுறையின் தொடக்கத்தில் வரும் 2 முதல் 6 வாரக் கட்டுப்பாட்டுக் காலத்தில் கோதுமை ரொட்டியை இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று சொல்ல வரவில்லை. அப்போது அரிசி மாவு ரொட்டிதான் எனக்கு ஒத்துவந்தது, ஈஸ்ட் போட்டுத்தான். ஈஸ்ட்டை எழுப்பத் தேன் மட்டும் வேண்டாம், அதில் ஃபிரக்டோஸ் (பழச்சர்க்கரை, அதுவும் ஒரு ஃபாட்மேப்) அதிகம், ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும். குளூட்டன் இல்லாத மாவு வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள், இனுலின் என்றோ சிக்கரி வேர் நார் என்றோ போட்டிருந்தால் அதுவும் ஃபிரக்டான்தான்.

அந்தப் பட்டியலில் இருந்து ஈஸ்ட்டை நீக்கி ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்