மறதிநோயும் கேளாத காதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மறதிநோய் என்றதும் பேச்சு வல்லாரைக்கும் குறுக்கெழுத்துக்கும் போய்விடுகிறது. காதை யாரும் நினைப்பதில்லை. மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் இந்நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது 2024இல் வெளியான, 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கை. அவற்றில் மிகப் பெரிய பங்கு கேள்திறன் குறைவுக்கும் எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்புக்கும்: தலா 7 சதவீதம்.

காது கேட்கும் கருவி வாங்கியும் அது அலமாரியில் கிடப்பதுதான் வேதனை. முதலில் காதுக் குறும்பியை மருத்துவரிடம் நீக்கிக்கொண்டு ஆடியோகிராம் என்ற கேள்திறன் சோதனை எடுக்க வேண்டும். முதல் வாரம் அமைதியான அறையில் தினம் ஓரிரு மணி நேரம் மாட்டினால் போதும், பிறகு கூட்டலாம். இரண்டு மூன்று வாரத்தில் ஒலியளவை மறுபடி சீரமைப்பது கட்டாயம். இல்லையென்றால் பாத்திரச் சத்தமே காதைக் கிழிக்கும். பெரியவர்கள் கழற்றி வைத்துவிடுவார்கள். வியர்வை ஈரமும் கருவியைக் கெடுக்கும். இரவில் பேட்டரி மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே வருகையில் 50 வயது கடந்தவர்களுக்குக் கேள்திறன் சோதனையையும் அரசு சேர்க்க வேண்டும்.

– கேள்திறன் பரிசோதகர், மதுரை