எர்னேசாக்ஸ் இல்லாமல் பாடும் புரட்சியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் எஸ்தோனியாவின் ‘பாடும் புரட்சி’ பற்றி, அதாவது சோவியத் ஆட்சிக்கு எதிராக மக்கள் கூடிப் பாடி நடத்திய போராட்டம் பற்றி, வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 1988 செப்டம்பரில் தலைநகர் தாலினின் பாடல் மைதானத்தில் லட்சக்கணக்கான மக்கள் கூடியதையும், 1991 ஆகஸ்டில் அந்த நாடு சுதந்திரத்தை மீட்டதையும் கட்டுரையாளர் நன்றாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இசையமைப்பாளரும் பாடகர் குழு நடத்துநருமான குஸ்தாவ் எர்னேசாக்ஸ் என்ற பெயர் ஓர் இடத்தில்கூட வரவில்லை. அந்த மக்களுக்குப் பாட்டு 1988 கோடையில் திடீரென்று வாய்த்துவிட்டது என்றுதான் படிப்பவர்கள் நினைப்பார்கள். அது சரியல்ல என்பதால்தான் இந்தக் கடிதம்.

நான் தேவாலயப் பாடகர் குழுவில் பல வருடங்களாக டெனர் என்ற உயர்ந்த ஆண் குரலில் பாடுகிறேன். நாற்பது பேர் நான்கு குரல்களில் சேர்ந்து பாடுவதற்கே எவ்வளவு பயிற்சி வேண்டும் என்று தெரியும். எஸ்தோனியப் பாடல் விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் திறந்தவெளியில் நின்று பாடுகிறார்கள். ஒலி நூறு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய கால் நொடிக்கு மேல் ஆகும். பக்கவாட்டில் தூரத்தில் நிற்பவரின் குரலைக் காதால் கேட்டுப் பாடினால் தாளம் பின்தங்கிவிடும். அதனால் காதை நம்பாமல், உயரமான மேடையில் நிற்கும் நடத்துநரின் கையை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். இதெல்லாம் ஓர் இரவின் உணர்ச்சி வேகத்தில் வந்துவிடாது. ஊர் ஊராக, பள்ளி பள்ளியாக, வருடம் முழுவதும் யாரோ சொல்லிக்கொடுத்தால்தான் வரும். அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் எர்னேசாக்ஸ்.

1908 டிசம்பரில் ஹார்யு வட்டாரத்தின் பெரிலா என்ற கிராமத்தில் பிறந்தவர். தாலின் இசைக்கல்லூரியில் முதலில் இசை ஆசிரியர் படிப்பு, அப்புறம் ஆர்துர் காப் என்பவரிடம் இசையமைப்பு. இரண்டாம் உலகப்போரில் எஸ்தோனியாவை ஜெர்மானியர்கள் பிடித்திருந்தபோது, ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல் நகரில் எஸ்தோனியக் கலைஞர்களின் குழுக்கள் இயங்கின. அங்கே அவர் பாடகர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். அதிலிருந்து 1944இல் அரசு ஆண்கள் பாடகர் குழு உருவானது. 1975 வரை, முப்பது வருடங்களுக்கும் மேலாக, அவர்தான் அதை நடத்தினார். புகழ்பெற்ற ரஷ்ய இசையமைப்பாளர் ஷொஸ்தகோவிச் ஆண் குரல்களுக்காக எழுதிய எட்டுப் பாடல்களை இவருக்கே காணிக்கையாக்கினார். 1970 டிசம்பரில் தாலினில் எர்னேசாக்ஸின் குழுதான் அவற்றை முதன்முதலில் பாடியது. அந்தக் குழு இன்றும் இருக்கிறது. 2004இல் பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியுஸின் பாடல்களைப் பதிவுசெய்ததற்காக, மற்றக் குழுக்களோடு சேர்ந்து கிராமி விருதும் வாங்கியது.

ஆனால் அவரைப் பற்றிக் கட்டாயம் சொல்லியிருக்க வேண்டியது ஒரு பாட்டின் கதை. ‘என் தாய்நாடே என் அன்பு’ என்ற கவிதையை எழுதியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் லீதியா கோய்துலா. 1869இல் தார்த்து நகரில் முதல் பாடல் விழாவை நடத்திய யோஹான் யான்சென் இவருடைய தந்தை. அந்த விழாவிலேயே இந்தக் கவிதை வேறொருவர் அமைத்த மெட்டில் பாடப்பட்டது. 1944இல் எர்னேசாக்ஸ் அதற்குப் புதிய மெட்டு அமைத்தார். போருக்குப் பிறகு நடந்த முதல் விழாவில், 1947இல், மக்கள் அதைக் கேட்டார்கள். சோவியத் ஆட்சியில் பழைய தேசிய கீதம் தடை செய்யப்பட்டிருந்த காலம் அது. அந்த இடத்தை இந்தப் பாட்டு பிடித்துக்கொண்டது.

அதிகாரிகளுக்கு அது புரியாமல் இருக்குமா? 1950 விழாவில் பாட்டு நிகழ்ச்சிநிரலிலேயே இல்லை. அதே 1950இல் தூதுர் வெத்திக், ரிஹோ பேட்ஸ், அல்ஃபிரெத் காரிந்தி என்ற மூன்று முக்கியமான பாடகர் குழு நடத்துநர்களைக் கைது செய்தார்கள். சோவியத் தலைவர் ஸ்தாலின் இறந்த பிறகுதான் அவர்கள் சிறை முகாம்களிலிருந்து திரும்பினார்கள். எர்னேசாக்ஸ் வெளியே இருந்தார், தொடர்ந்து வேலை செய்தார். 1960இல் புதிய வளைவு மேடை கட்டி முடித்து நடந்த விழாவிலும் அந்தப் பாட்டுக்கு இடம் தரவில்லை. விழா முடிந்ததும் பாடகர்கள் கலைந்து போகாமல் தாங்களாகவே அதைத் தொடங்கினார்கள். எர்னேசாக்ஸ் மேடையேறி நடத்தினார். 1965 விழாவில் அதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்தப் பாட்டு இல்லாமல் விழா முடிவதில்லை.

சோவியத் எஸ்தோனியாவின் அதிகாரபூர்வ கீதத்துக்கு மெட்டமைத்தவரும் இவர்தான், லெனின் பரிசு வாங்கியவரும் இவர்தான் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். உண்மைதான், அதை மறைக்கவும் கூடாது. ஆனால் அதற்காக அவரை விட்டுவிடுவது பெரிய அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1950இல் அவரும் சிறைக்குப் போயிருந்தால், தொழில்முறை ஆண்கள் குழுவை யார் காப்பாற்றியிருப்பார்கள்? அடுத்த தலைமுறை நடத்துநர்களுக்கு இசைக்கல்லூரியில் யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? ஆட்சியோடு ஒத்துப்போய்க் கிடைத்த இடத்தை அவர் தன் வசதிக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1960இல் அனுமதியில்லாத பாட்டை வெளிப்படையாக நின்று நடத்தியதற்கு நெஞ்சுரம் வேண்டும். சிறை சென்ற வெத்திக்கையும் மற்றவர்களையும் நினைக்கும்போது என் மனதில் மரியாதை கூடுகிறது. எர்னேசாக்ஸ் மேல் இருக்கும் மரியாதை அதனால் குறையவில்லை.

1988இல் அந்த மைதானத்தில் இளைஞர்கள் ராக் பாடகர்களின் பாட்டுகளையும் பாடினார்கள், அது வேறு அழகு. ஆனால் பதின்மூன்று லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாட்டில் இப்போதும் முப்பதாயிரம் பேர் வரை ஒரே விழாவில் சேர்ந்து பாடுகிறார்கள் என்றால், பாடகர் குழுக்கள் அறுபடாமல் இருந்ததுதான் காரணம். எர்னேசாக்ஸ் சுதந்திர எஸ்தோனியாவைப் பார்த்துவிட்டுத்தான் 1993 ஜனவரியில் காலமானார் என்பதில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. 2004இல் பாடல் மைதானத்தில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். மேடையைப் பார்த்தபடி புல்வெளியில் உட்கார்ந்திருக்கிற சிலை.

ஆசிரியர் அவர்களே, இந்தத் தொடர் இன்னும் சில இதழ்களுக்கு வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். லாத்வியாவுக்கும் லிதுவேனியாவுக்கும் போவதற்கு முன் எர்னேசாக்ஸுக்கும் அந்த மூன்று நடத்துநர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள். இடமிருந்தால் வெல்யோ தோர்மிஸைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். எஸ்தோனியக் கிராமத்துப் பாட்டிகள் பாடிய பழைய பாட்டுகளைப் பாடகர் குழுக்களின் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை