தமிழில் போன் ரிவ்யூ செய்யும் யூடியூபர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இருபதாயிரம் ரூபாய்க்குள் எந்த போன் வாங்கலாம் என்று யோசிப்பவர், கடைப் படி ஏறும் முன் உங்கள் வீடியோவைத்தான் பார்க்கிறார். ஆங்கில ரிவ்யூ பழக்கமில்லாத பெற்றோருக்கும், தவணையில் முதல் போன் எடுக்கும் மாணவருக்கும் உங்கள் வார்த்தைதான் ஆதாரம். போன்களைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம்: நிறுவனம் எழுதிக் கொடுத்த எண்ணை வாசிப்பதை விட்டு, நீங்களே அளந்த எண்ணைச் சொல்லுங்கள்.

விற்பனை தொடங்கும் முன்பே போன் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. கூடவே எதையெல்லாம் எடுத்துச் சொல்லலாம் என்ற குறிப்பும், இந்தத் தேதி இந்த மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையும் வருகின்றன. அந்த மணி அடித்ததும் பத்துச் சேனல்களில் ஒரே வரிசையில் ஒரே சொற்கள். பார்ப்பவரோ பத்துப் பேர் தனித்தனியாகச் சோதித்து ஒரே முடிவுக்கு வந்ததாக நம்புகிறார். ஒரு விளம்பரப் பிரிவின் குரல் ஊர்க் கருத்தாக மாறுவது இப்படித்தான்.

போனின் வேகத்தை அளந்து மதிப்பெண் தரும் பெஞ்ச்மார்க் செயலிகளில் ஒன்றான அன்டுட்டுவின் ஸ்கோரை எடுத்துக்கொள்வோம். 2021 ஜூலையில் ஒன்பிளஸ் 9 வரிசையை ஆராய்ந்த ஆனந்த்டெக் தளம், குரோம் போன்ற பிரபலமான செயலிகளுக்குப் பிராசசரின் வேகமான பகுதிகள் (கோர்கள்) கிடைக்காமல் போன் கட்டுப்படுத்துவதையும், பெஞ்ச்மார்க் செயலிகளை மட்டும் தடையின்றி ஓடவிடுவதையும் கண்டுபிடித்தது. இன்னொரு பெஞ்ச்மார்க்கான கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து அந்த போன்களை நீக்கியது. 2022 மார்ச்சில் சாம்சங்கின் முறை. விளையாட்டுகளுக்கென்று வைத்த ஒரு சேவை ஆயிரக்கணக்கான செயலிகளின் வேகத்தைக் குறைத்தது. பெஞ்ச்மார்க் செயலிகள் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்10 முதல் எஸ்22 வரையிலான வரிசைகளைக் கீக்பெஞ்ச் நீக்கியது. இரண்டிலும் போன் பார்த்தது செயலியின் பெயரை. ஆகவே ஒரே ஒரு முறை ஓட்டிய ஸ்கோரைத் திரையில் காட்டி ‘செம பெர்ஃபாமன்ஸ்’ என்பது வாங்குபவருக்கு எதையும் சொல்வதில்லை.

இதற்குப் பதில், போன் சூடேறினாலும் வேகம் நிலைக்கிறதா என்று பார்க்கும் 3டிமார்க் செயலியின் வைல்ட் லைஃப் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டுங்கள். ஒரு நிமிடச் சுற்று இருபது, மொத்தம் இருபது நிமிடம். முடிவில் மிக உயர்ந்த சுற்று, மிகத் தாழ்ந்த சுற்று, நிலைத்தன்மைச் சதவீதம் (உயர்ந்த சுற்றில் தாழ்ந்தது எத்தனை சதவீதம்) மூன்றையும் சொல்லுங்கள். தொடங்கும் முன் சார்ஜ் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், சார்ஜர் கழற்றியிருக்கட்டும், ஏரோபிளேன் மோட், பாதி வெளிச்சம். முக்கியமாக, ஏசியை அணைத்துவிட்டு, பேக் கவர் போட்டு, அறையின் வெப்பநிலையைத் திரையில் எழுதுங்கள். 24 டிகிரி ஸ்டுடியோவில் அசராமல் ஓடும் போன், மே மாத மதியம் 36 டிகிரி அறையில் அதே வேகத்தைத் தாங்குமா என்பதுதான் மதுரையில் வாங்குபவருக்கு வேண்டிய தகவல். அதன்பின் நிஜ கேம் ஒன்றை அரை மணி நேரம் ஆடிக் காட்டுங்கள், ஏனென்றால் கேமுக்கு வேறு விதி வைத்திருக்கலாம்.

கேமராவில் 200 மெகாபிக்சல் என்ற எண்ணும் பாதிக் கதைதான். அந்த சென்சாரில் வெளிச்சத்தை வாங்கும் புள்ளியான ஒரு பிக்சலின் அகலம் சுமார் 0.6 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெளிச்சம் போதாததால் 16 பிக்சல்களைச் சேர்த்து 2.4 மைக்ரான் அளவுள்ள ஒன்றாக்கி, 12.5 மெகாபிக்சல் படத்தையே போன் வழக்கமாகத் தருகிறது. ஒரு தினத்தாளைச் சுவரில் ஒட்டி, பகலில் ஒரு முறை, இரவில் டியூப்லைட்டில் ஒரு முறை, 200 மெகாபிக்சல், வழக்கமான 12.5 மெகாபிக்சல் என இரண்டு மோடிலும் எடுங்கள். ஒரே மூலையை வெட்டிப் பக்கத்தில் பக்கம் வையுங்கள். பகலில் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். இரவில் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் மிஞ்சும். தூரத்தை அளப்பதற்கென்று வைக்கும் 2 மெகாபிக்சல் டெப்த் கேமரா உள்ள போனில் அந்த லென்ஸை விரலால் மூடிக்கொண்டு போர்ட்ரெய்ட் எடுத்துப் பாருங்கள். பல போன்களில் பின்னணி அப்போதும் அதேபோல் மங்கலாகும். அப்படிப்பட்ட போனில், பெட்டியின் மேல் ‘ட்ரிபிள் கேமரா’ என்று அச்சிடுவதற்குத்தான் அந்த லென்ஸ் பயன்படுகிறது.

பிராண்டின் மேல் உள்ள பற்று இதைவிடக் கடினமான விஷயம். இரண்டு வருடத் தவணையில் போன் எடுத்தவர் தன் முடிவு சரி என்று நம்ப விரும்புவார்; குறை சொல்பவரிடம் சண்டைக்கும் வருவார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அந்தச் சண்டையை வளர்த்துப் பார்வை சேர்க்கும் ‘இந்த போன் அந்த போனைக் காலி பண்ணிடுச்சு’ தலைப்புகள்தான் எங்களை வருத்துகின்றன. சண்டையிலும் காசு விளையாடியிருக்கிறது: இணையத்தில் போட்டி நிறுவனமான எச்டிசியின் போன்களைத் தாழ்த்தி எழுத ஆட்களை அமர்த்தியதற்காக 2013-இல் தைவான் அரசு அமைப்பு சாம்சங்குக்கு ஒரு கோடி தைவான் டாலர் அபராதம் போட்டது.

பெயரை மறைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்க யூடியூபர் மார்க்கெஸ் பிரவுன்லீ 2022-இல் பெயர் சொல்லாமல் படங்களை மட்டும் காட்டி வாக்கு கேட்டார். இரண்டு கோடிக்கு மேல் வாக்குகள் விழுந்தன. ஒட்டுமொத்தமாக வென்றது கூகுளின் 449 டாலர் பிக்சல் 6ஏ. அதைவிட விலை கூடிய ஐபோன் 14 ப்ரோவும் அந்தப் போட்டியில் இருந்தது. இதைத் தமிழில் நீங்களும் செய்யலாம். டிரைபாட் நகரக் கூடாது. ஒவ்வொரு போனிலும் முதல் படத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். வாட்டர்மார்க்கையும் படத்துக்குள் பதிந்த மாடல் விவரத்தையும் நீக்கி, எல்லாவற்றையும் 12 மெகாபிக்சலுக்குக் குறைத்து, அ, ஆ, இ என்று பெயரிடுங்கள். கண் பெரும்பாலும் வெளிச்சம் கூடிய படத்தின் பக்கம் சாயும். அதனால் வெயில், நிழல், இரவு, கருநிறத் தோல் என்று பல காட்சிகள் வேண்டும். வாக்கெடுப்பு முடிந்த பின்தான் பெயர்.

தண்ணீர் பக்கெட்டில் போனை முக்கி எடுத்துக் காட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி68 தரச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் நீருக்கும் குளோரின் கலந்த நீச்சல் குளத்துக்கும் அது பொருந்தாது. குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்பதுபோல் விளம்பரம் செய்ததற்காக 2022-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சாம்சங்குக்கு 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. சார்ஜிங் போர்ட் காயாமல் சார்ஜ் போட்டால் உள்ளே முனைகள் அரித்துப் பச்சை பூக்கும். நீர் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டியும் கிடையாது.

கடைசியாக, பணம். ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, காசு மட்டுமல்ல, இலவச போன், பயணம், ஓட்டல் தங்கல், தள்ளுபடி எல்லாமே வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான். வீடியோ எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். விளக்கப் பெட்டியின் அடியில் ஆங்கிலத்தில் ஒரு ஹேஷ்டேக் போதாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

முதல் அரை நிமிடத்துக்குள் நான்கு வாக்கியம் சொல்லுங்கள்: போன் யார் கொடுத்தது, திருப்பித் தர வேண்டுமா, பணம் வாங்கினீர்களா, எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள். திருப்பித் தர வேண்டாத போன் என்றால், ஆறு மாதம் கழித்து, இரண்டு அப்டேட் வந்த பின், அதே ஸ்ட்ரெஸ் டெஸ்டை அதே அறையில் ஓட்டி இன்னொரு வீடியோ போடுங்கள். அதற்குப் பார்வை குறைவாகத்தான் வரும். பழைய மாடலைக் குறைந்த விலையில் தேடுபவருக்கு அந்த வீடியோதான் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்கள் சிலர்