மரச்சீனியை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் தேசிய உணவுகள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். நாட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு படம். போலந்துக்குப் பியரோகி (பூரணம் வைத்து வேகவைக்கிற கொழுக்கட்டை மாதிரி). சரி, இருக்கட்டும் என்று கீழே வந்தால் நம் மாநிலங்களுக்கும் அதே மாதிரி பெட்டி, தமிழ்நாட்டுக்கு இட்லி சாம்பார், கேரளத்துக்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குழித்துறைக்காரி. கேரளத்தைத் தொடுகிற களியக்காவிளை எல்லைக்கு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்கூட ஆகாது. வாரத்தில் மூன்று நாள் எங்கள் வீட்டில் மரச்சீனிதான். நாங்கள் எந்தப் பெட்டி?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியில் 'நம் மாநில உணவு' என்று ஒருநாள் வைத்தார்கள். முந்தின நாளே கிழங்கு வாங்கி, விடியற்காலம் எழுந்து தோலுரித்து வேகவைத்து, முதல் தண்ணீரை வடித்துக் கொட்டி (அதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது, கிழங்கின் கட்டு, அதாவது நச்சு, அந்தத் தண்ணீரில்தான் போகும்), தேங்காய், பூண்டு, சீரகம், காந்தாரி மிளகாய் அரைத்துப் போட்டு அகப்பைக் காம்பால் மயக்கி (மசித்து), சாளைப் புளிமுளமும் (மத்தி மீன் புளிக்குழம்பு) வைத்து வாழையிலையில் பொதிந்து கொடுத்துவிட்டேன். "இது கேரளாச் சாப்பாடு ஆச்சே" என்று சொல்லி மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். பரிசு போனால் போகட்டும். பிள்ளை பொதியை அவிழ்க்காமலே திரும்பக் கொண்டுவந்தாள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவர்கள். அன்றைக்குக் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, அடுப்பு மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதற்காக மரச்சீனி மலையாளிகளுடையது என்றும் ஆகிவிடாது. அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிழங்கு. 1880இலிருந்து 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஊரெல்லாம் நட வைத்தார் என்பார்கள், 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து அங்கிருந்து அரிசி வருவது நின்றபோது இந்தப் பக்கத்து வயிறுகளைக் காப்பாற்றியது அதுதான். பஞ்சத்துக்குச் சாப்பிட்டது எப்போது பெருமைக்குரிய உணவாச்சு, எந்த மாநிலத்துக்குப் பெருமையாச்சு என்று எனக்குப் புரியவில்லை.

இனி போலந்துக்கு வருகிறேன். என் தங்கை மகன் அங்கே விரோட்ஸ்வாஃப் என்ற நகரத்தில் இருக்கிறான். உங்கள் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், சிரித்துவிட்டான். "பெரியம்மா, இங்கே போய் இதுதான் உங்கள் தேசிய உணவா என்று கேட்டால் மத்தியானம் வரைக்கும் சண்டை நடக்கும்" என்றான்.

அங்கே பியரோகியில் நிறைய வகை உண்டு, அதில் எங்கும் கிடைப்பது 'ருஸ்கியே' என்கிற வகை. அவன் தங்கியிருக்கிற வீட்டு அம்மா செய்வதை வீடியோவில் காட்டினான். உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்து, பால் திரிந்து வந்த கட்டியை உதிர்த்துப் போட்டு (நம்ம பன்னீர் மாதிரி, கொஞ்சம் புளிப்பு), பொரித்த வெங்காயமும் மிளகுத்தூளும் சேர்த்துப் பிசைகிறார்கள். மாவை மெல்லிசாகப் பரத்தி, கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து வட்டம் வெட்டி, உள்ளே பூரணம் வைத்து மடக்கி விளிம்பைக் கிள்ளுகிறார்கள். அந்தக் கிள்ளு அப்படியே நாம் சோமாஸுக்குக் கிள்ளுகிற கிள்ளுதான். பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மேலே மிதந்து வந்ததும் அரிகரண்டியில் அள்ளிவிட வேண்டியது.

ருஸ்கியே என்றால் ரஷ்யாவினுடையது என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம். செந்நிற ரூத்தேனியா என்று ஒரு பழைய பிரதேசம், இன்றைக்கு அதில் பெரும்பகுதி மேற்கு உக்ரைனில் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது. அங்கே இருக்கிற லிவீவ் நகரம் இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் போலந்தில் இருந்தது. போர் முடிந்து எல்லைக்கோட்டை மேற்கே நகர்த்தியபோது அந்தப் பக்கத்துப் போலந்துக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு, அதுவரை ஜெர்மனியின் பிரெஸ்லாவாக இருந்த இதே விரோட்ஸ்வாஃபுக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் வந்து குடியேறினார்கள். அவர்களோடு வந்துதான் ருஸ்கியே நாடு முழுக்கப் பரவியது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் பல ஹோட்டல்களில் அந்தப் பெயரை அடித்துவிட்டு உக்ரைன் பியரோகி என்று எழுதினார்களாம். பலகைதான் மாறியது, பூரணம் மாறவில்லை. அப்புறம், அதில் இருக்கிற உருளைக்கிழங்கும் மரச்சீனி மாதிரியே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது!

பியரோகி வேண்டாம் என்பவர்கள் பிகோஸ் என்பார்கள். புளித்த முட்டைக்கோஸும் இறைச்சி வகைகளும் போட்டு மணிக்கணக்காக வேகவிடுவது, மறுநாள் சூடாக்கினால் இன்னும் ருசி (நம் பழைய மீன் குழம்பு போல). 1834இல் ஆதாம் மிட்ஸ்கேவிச் எழுதிய 'பான் ததேயுஷ்' காவியத்தில் பிகோஸைப் புகழ்ந்து வரிகள் உண்டு. போலந்தின் தேசியக் காவியம் என்கிறார்கள், அதுவோ லிதுவேனியாவைத் தாய்நாடு என்று அழைத்துத்தான் ஆரம்பிக்கிறது, கவிஞர் பிறந்த ஊர் இன்றைக்கு பெலாரூஸில். இதை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சாப்பிடுவது என்று பார்த்தால் பிரெட் தூளில் புரட்டிப் பொரித்த பன்றி இறைச்சிக் கட்லெட், அது வியன்னாக்காரர்களுக்குச் சொந்தம்.

எனக்குப் பிடித்தது ஜுரெக், ரை மாவில் வைக்கிற புளிப்புச் சூப். ரையைக் கம்பு வகை என்று தப்பாக நினைக்காதீர்கள், அது அங்கத்திய குளிர்காலத் தானியம். அதன் மாவைத் தண்ணீரில் கரைத்துப் பூண்டு தட்டிப் போட்டு நாலைந்து நாள் புளிக்க விட்டு, அதில் சூப் வைத்து, ஈஸ்டருக்கு முட்டையும் வெள்ளை சாசேஜும் போட்டுச் சாப்பிடுகிறார்கள். மாவைப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சத் தெரிந்த யாருக்கும் அது அந்நிய உணவாகத் தெரியாது.

ஊர் பெயரோடு உணவைச் சேர்த்துச் சொல்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. தாத்ரா மலையில் ஆட்டிடையர்கள் செய்கிற ஓஸ்சிபெக் என்ற புகைபோட்ட செம்மறிப்பால் சீஸுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் பெயர்ப் பாதுகாப்பு கொடுத்தது. அது போலந்து முழுவதற்கும் கொடுத்ததில்லை, அந்த மலைப்பக்கத்துக்கு. எங்கள் மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அதே மாதிரிதான். ஊரைச் சொல்லுங்கள், செய்கிறவர்களைச் சொல்லுங்கள், எந்த நாளில் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். மாநிலத்துக்கு ஒன்று என்று கட்டம் போடும்போதுதான் எல்லையோரத்தில் இருக்கிற நாங்கள் கட்டத்துக்கு வெளியே விழுகிறோம்.

தங்கை மகன் போன மாதம் ஆசியக் கடையில் உறையவைத்த மரச்சீனி வாங்கிவந்து மயக்கி, வீட்டு அம்மாவுக்கும் ஒரு தட்டு கொடுத்திருக்கிறான். அவர் ருசி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், பொரித்த வெங்காயத்தைக் கொண்டுவந்து மேலே கொட்டிக்கொண்டாராம். நானும் நேற்று அப்படிச் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குழித்துறை