படிப்பகச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம்.

சேலம் அஸ்தம்பட்டியில் இயங்கிவரும் நமது படிப்பகச் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றி இனிப்பு வழங்கப்பட்டது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது நீர்மோர்ப் பந்தல் அமைக்கப்பட்டது. ஏற்காடு சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியவர்கள் போதாமையால் அது நடைபெறவில்லை.

இவ்வாண்டின் முதன்மைப் பணி, 1942 முதல் 1969 வரை தொடர்ந்து 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பற்றிய கண்காட்சியும் சொற்பொழிவும் ஆகும். “சேலத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?” என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார், செயற்குழுவுக்கே வராத சிலர் தொலைபேசியில் அதையே கேட்டனர். 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கப்படும் வரை இவ்வூர்க் கலைக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில்தான் இருந்தன. ஆளுநர் வேந்தர் என்பது சட்டம் தந்த பெருமை. பல்கலைக்கழகத்தை நாள்தோறும் நடத்துபவர் துணைவேந்தரே. ஆகவே அந்த 27 ஆண்டுகளில் சேலத்தில் படித்துப் பட்டம் பெற்ற நம் பெற்றோரும் ஆசிரியர்களும் அவருடைய நிர்வாகத்தில் பட்டம் பெற்றவர்களே. உறுப்பினர் ஒருவர் தம் தந்தையாரின் பி.ஏ. பட்டத்தைக் கொண்டுவந்தார். மடித்த இடமெல்லாம் ஒட்டியிருந்த செலோடேப் பழுப்பேறிப் போயிருந்தது. வந்தவர்கள் அதிக நேரம் நின்று பார்த்தது அதைத்தான்.

அவர் 1887இல் கர்நூலில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தவர். உடன்பிறந்தவர் ஏ. ராமசுவாமி முதலியார், ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராக இருந்தவர். நமது ஃபிளெக்ஸ் பேனரில் அச்சகத்தார் அந்தச் சகோதரரின் படத்தைப் போட்டுவிட்டனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே அது தெரிந்தது. இரட்டையர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று பொருளாளர் கூறியதால் மறு அச்சுச் செலவு மிச்சமாயிற்று.

மகப்பேறு மருத்துவரான அவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராக இருந்தவர். ஒரே நாற்காலியில் 27 ஆண்டுகள் ஒருவர் அமர்ந்திருப்பது நல்லதா என்று கண்காட்சியிலேயே வினா எழுந்தது. வினா துணைவேந்தரைப் பற்றியது மட்டுமன்று என்பதை நான் அறியாமலில்லை. அக்காலத்தில் நடந்தவற்றை மட்டும் சொல்கிறேன். 1944இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையுடன் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1952–53இல் நாட்டின் இடைநிலைக் கல்வி முழுவதையும் ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார். 1957இல் பல்கலைக்கழகம் நூற்றாண்டு கண்டது. 1961இல் உலக சுகாதாரப் பேரவைக்கு அவர் தலைவரானார். 1966இல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்து தென்மாவட்டக் கல்லூரிகள் பிரிந்து சென்றதும் அவர் பதவிக்காலத்தில்தான். பதவியில் நீடித்தவர் பணியிலும் நீடித்தார் என்பதே என் கருத்து. நமது சங்கத்தில் செயலாளர் பொறுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் வேட்புமனு கோரப்படுகிறது என்பதையும், இதுவரை மாற்று மனு எதுவும் வந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சொற்பொழிவுக்கு வருவதாகக் கையொப்பமிட்ட பலர் வரவில்லை. அன்று முகூர்த்த நாள் என்றனர். போடப்பட்ட நாற்காலிகளில் பாதிக்கு மேல் காலியாக இருந்ததால், பேச வந்த பேராசிரியரின் முன் தலைவர் அவர்களும் நானும் தலைகுனிய நேர்ந்தது.

வரவுசெலவைப் பொறுத்தவரை, செலவு வரவைச் சற்று மிஞ்சியுள்ளது. விவரம் பொருளாளரிடம் உள்ளது, விரும்புவோர் பார்வையிடலாம். சந்தா நிலுவை மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து வருகிறது. நிலுவை வைத்துள்ளோரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் பெருந்தன்மையுடன் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் கையில் இருக்கிறது.

இடம் தந்த மண்டப உரிமையாளருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும், நாளிதழ்ச் செய்தியாளர்களுக்கும், ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி உரித்தாகுக.

அடுத்த ஆண்டு கண்காட்சிப் படங்களைச் சட்டமிட்டுப் படிப்பகத்தில் நிலையாக வைக்கவும், சேலத்துப் பழைய பட்டதாரிகளின் பட்டங்களைப் படியெடுத்துத் தொகுக்கவும் எண்ணம் உண்டு. 1947இல் சென்னையில் நடந்த கூட்டமொன்றில், கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் வேண்டியபோது, அழகப்பச் செட்டியார் அங்கேயே இசைந்து, அவ்வாண்டே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். நமது சங்கத்தின் ஆண்டுச் சந்தா 300 ரூபாய். கூட்டம் முடிந்து சிற்றுண்டி வழங்கப்படும் வரை ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் வாயிலருகே அமர்ந்திருப்பார்.

இங்ஙனம்,
செயலாளர்